வீட்டிலிருந்து கணிதம் பயிலும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

நாடு விட்டு நாடு வந்த குடும்பமொன்று தன் பிள்ளையின் கல்வியைப் பற்றிச் சிந்திக்கும்போது, முதலில் பாடசாலையை எண்ணுகிறது; அடுத்து ரியூசன் ஆசிரியரை எண்ணுகிறது. பாடப் புத்தகத்தை எண்ணுவது அரிது. புத்தகம் எதுவாயிருந்தாலும் கணிதம் ஒன்றுதானே என்பதே எம்மிற் பலரது எண்ணம். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆசிரியத் தொழிலில் இறங்கிய நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதை எனக்கு உணர்த்தியவள் பதினைந்து வயதுச் சிறுமியொருத்தி.

2022ஆம் ஆண்டு தை மாதத்தில், கிழக்கு இலண்டனில் என் வீட்டுக்கு அண்மையில் வசிக்கும் ஒரு தாயார் தமது மகளுடன் வந்து கதவைத் தட்டினார். தந்தை முன்னரே இங்கு வந்து அகதி நிலை பெற்றவர். இரவில் எரிபொருள் நிலையமொன்றில் வேலை. தாயும் மகளும் முல்லைத்தீவிலிருந்து வந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. மகள் அங்கு 10ஆம் தரம் முடித்தவள். இங்கு அவளுடைய வயதினர் 11ஆம் ஆண்டில், பரீட்சைக்கு நான்கு மாதங்களே உள்ள நிலையில் இருந்தார்கள். பாடசாலையில் இடம் கிடைக்கவில்லை. புரட்டாதியில் கல்லூரி திறக்கும்வரை அவள் வீட்டில் இருந்தாக வேண்டும்.

"ரீச்சர், நீங்கள் ஊரிலை படிப்பிச்சனீங்கள்தானே. பிள்ளை சும்மா இருக்காமல் படிக்க ஒரு நல்ல கணக்குப் புத்தகம் சொல்லுங்கோவன்" என்றார் தாயார்.

நான் படிப்பித்தது தமிழும் வரலாறும். என் பட்டம் கலைப் பட்டம். ஆயினும் 'தெரியாது' என்று சொல்ல ஓர் ஆசிரியையின் நா எளிதில் எழுவதில்லை. கடைக்குச் சென்றேன், மெல்லியதாகவும் வண்ணப் படங்களுடனும் இருந்த மீட்டற் கைநூலொன்றை எடுத்தேன். இரு நிலைகளில் அது இருந்தது. உயர் நிலை என்பதுதானே சிறந்தது என்று உயர் நிலையையே வாங்கிக் கொடுத்தேன்.

ஆறு வாரங்களின் பின் அச்சிறுமி என்னிடம் வந்து, "ரீச்சர், எனக்குக் கணக்கு வராது" என்றாள். ஊரில் கணக்கில் முதல் மூன்று பேருக்குள் வந்த பிள்ளை அவள். அந்த ஆறு வாரங்களில் அவள் இழந்தது நேரத்தை மட்டுமன்று.

நான் செய்த பிழைகள்

முதலாவது பிழை, மீட்டற் கைநூலுக்கும் பாடநூலுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதது. மீட்டற் கைநூல் ஏற்கெனவே வகுப்பில் கற்றவனுக்கு நினைவூட்டுவது. ஓர் அலகை ஒரு பக்கத்தில் அடக்கிவிடும். பாடநூலோ கற்பிப்பது, ஒரு கருத்தை விளக்கி, செய்துகாட்டிய கணக்குகளைத் தந்து, எளியதிலிருந்து கடினமானது வரை பயிற்சிகளை அடுக்கிச் செல்வது. ஆசிரியர் இல்லாமற் கற்கும் பிள்ளைக்கு மீட்டற் கைநூலை முதல் நூலாகக் கொடுப்பது, சமைக்கத் தெரியாதவருக்குச் சாமான் சிட்டையைக் கொடுப்பது போன்றது.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் எண்ணிலிருந்து 2ஐக் கழித்து, வந்ததை 3ஆல் பெருக்கினால் 15 வரும், அவ்வெண் யாது? கைநூல் விடை 7 என்று ஒரே வரியில் முடித்துவிடும். நல்ல பாடநூல், முதலில் 15ஐ 3ஆல் வகுத்து 5 என்று காட்டும். 5 உடன் 2ஐக் கூட்டி 7 என்று காட்டும். பின்னர் 7இலிருந்து 2ஐக் கழித்து 3ஆல் பெருக்கி 15 வருகிறதா என்று சரிபார்க்கவும் சொல்லும். இந்த மூன்றாவது படியே தனியே கற்பவருக்கு ஆசிரியர்.

இரண்டாவது பிழை, நிலையைப் பற்றியது. இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.ஈ. கணிதப் பரீட்சை அடிப்படை நிலை, உயர் நிலை என இருவகைப்படும். அடிப்படை நிலையில் 1 முதல் 5 வரையிலான பெறுபேறுகளே கிடைக்கும். உயர் நிலையில் 9 வரை பெறலாம். ஆனால் 4ஐ அடையத் தவறுபவருக்கு மயிரிழையில் 3 கிடைக்கலாம், அதற்கும் கீழாயின் பெறுபேறே இல்லை. வட்டத் தேற்றங்கள், சைன் கோசைன் விதிகள், இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம், சேடுகள் முதலியன உயர் நிலைக்கு மட்டும் உரியவை.

மூன்றாவது பிழையைச் சிக்கனம் செய்வித்தது. தருமக் கடையொன்றில் ஒரு பவுணுக்கு ஒன்றாகக் கட்டாகப் புத்தகங்கள் கிடைத்தன. அவற்றின் அட்டையில் ஏ முதல் ஜி வரையான எழுத்துப் பெறுபேறுகள் குறிக்கப்பட்டிருந்தன. அவை பழைய பாடத்திட்டத்துக்கு உரியவை. புதிய பாடத்திட்டம் 2015இல் கற்பிக்கத் தொடங்கப்பட்டு, 2017இல் முதன்முறை பரீட்சிக்கப்பட்டது. அன்றிலிருந்து கணிதத்தின் பெறுபேறு 9 முதல் 1 வரை எண்களாலானது. பாடப் பரப்பும் விரிந்தது. பழைய நூல்கள் பயிற்சிக்கு உதவும், வழிகாட்டியாக உதவா. பழைய நூல் வாங்குவோர் அட்டையில் '9–1' என்ற குறியீடு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இராமானுஜனும் ஒரு புத்தகமும்

ஒரு புத்தகம் ஒருவரின் கற்கும் முறையையே எவ்வாறு வடிவமைக்கும் என்பதற்கு எம்மவரிடையே பெரிய சான்று கும்பகோணத்து இராமானுஜன். பள்ளிப் பருவத்தில் லோனியின் திரிகோணகணித நூலைத் தாமே கற்றுத் தேர்ந்த அவருக்கு, 1903ஆம் ஆண்டளவில் இன்னொரு நூல் கைக்கு வந்தது. இலண்டனில் தனியார் வகுப்பு நடத்திய ஜோர்ஜ் கார் என்பவர் தொகுத்து 1880களில் வெளியான அந்நூலில் ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்கள் மிகக் குறைவு. இக்காலச் சொல்லிற் கூறுவதாயின், அதுவும் ஒரு மீட்டற் கைநூலே.

இராமானுஜன் அதன் ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவ முனைந்தார், மேதையானார். ஆனால் முடிவை மட்டும் எழுதி, வழியை எழுதாது விடும் வழக்கமும் அந்நூலின் சாயலாகவே அவரிடம் படிந்தது என்று பலர் கருதுவர். ஏனைய பாடங்களைக் கைவிட்டதனால் கல்லூரிப் புலமைப்பரிசிலை இழந்தார், பரீட்சையிலும் தோற்றார். 1914இல் கேம்பிறிட்ஜுக்கு வந்த பின்னரே முறையான நிறுவலைப் பேராசிரியர் ஹார்டியுடன் பயின்றார். மேதைக்கே புத்தகம் தழும்பு வைத்ததென்றால், சாதாரணப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல நூலின் இலக்கணம்

இத்தனைக்கும் பிறகு, நான் நூலகத்தில் உட்கார்ந்து ஏழெட்டு நூல்களைப் புரட்டினேன். கணிதம் அறியாத ஒருவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஐந்து குணங்களை அப்போது குறித்துவைத்தேன்.

ஒன்று: அட்டையில் பாடத்திட்டம், நிலை ஆகிய இரண்டும் தெளிவாக இருத்தல். இங்கிலாந்தில் ஏ.கியூ.ஏ., எடெக்செல், ஓ.சி.ஆர். முதலிய பரீட்சைச் சபைகள் உள்ளன. பாடப் பரப்பு எல்லாவற்றுக்கும் பொதுவானது. வினாக்களின் போக்கே சிறிது வேறுபடும். ஆகவே சபை மாறினாலும் பாடநூல் பயன்படும். கடந்தகால வினாத்தாள் மட்டும் அவரவர் சபைக்கு உரியதாக இருக்க வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னர் செய்துகாட்டிய கணக்குகள் இருத்தல். அவற்றில் படி தாண்டப்படக் கூடாது.

மூன்று: பயிற்சிகள் எண்ணிக்கையில் நிறையவும், படிப்படியாகக் கடினமாகியும் இருத்தல். ஓர் அலகுக்கு நான்கு கணக்குகள் போதா.

நான்கு: விடைகள் நூலிலேயே இருத்தல். சில பாடசாலைப் பதிப்புகளில் விடைகள் ஆசிரியர் நூலில் மட்டுமே உண்டு. அவை வீட்டுக்கு உதவா. 'விடை இருந்தால் பிள்ளை பார்த்து எழுதிவிடும்' என்று அஞ்சும் பெற்றோர் உளர். விடை இல்லாவிடில் பிள்ளை பிழையையே நூறு தடவை பயிலும் என்பதை அவர்கள் எண்ண வேண்டும்.

ஐந்து: முன்னைய அலகுகளைக் கலந்து வினவும் மீட்டற் பயிற்சிகள் இடையிடையே வருதல். பரீட்சையில் எந்த வினா எந்த அலகு என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

இவற்றோடு ஒரு சோதனையும் உண்டு. வாங்கும் முன் நூலகத்திலிருந்து அந்நூலை இரவல் எடுங்கள். பின்னங்கள் பற்றிய ஓர் அலகைப் பிள்ளை தனியே வாசித்து, மறுநாள் உங்களுக்குத் தமிழில் விளக்கட்டும். விளக்க முடிந்தால் அந்நூல் அவளுக்கு உரியது. முடியாவிடின், எவ்வளவு புகழ் பெற்றதாயினும் அது இப்போதைக்கு உரியதன்று.

இரு மொழிகளுக்கிடையே

எமது பிள்ளைகளுக்கு இன்னொரு சுவரும் உண்டு. கணக்குத் தெரியும், வினா புரியாது. ஒரு நாள் நான் கொடுத்த வினா இது: 4.8ஐ 31.2ஆல் பெருக்கி, 0.52ஆல் வகுக்க வருவதை 'எஸ்ரிமேற்' செய்க. அப்பிள்ளை கணிப்பொறி இன்றி, நெடும் பெருக்கலும் வகுத்தலும் செய்து, 288 என்று எழுதித் தந்தாள். விடை மிகச் சரி. ஆனால் பரீட்சையில் அதற்குப் புள்ளி இல்லை. எண்களை மட்டந்தட்டி, 5ஐ 30ஆல் பெருக்கி 0.5ஆல் வகுத்து 300 என்று மதிப்பிடுவதையே அச்சொல் கேட்கிறது. "சரியாச் செய்தும் பிழையோ, ரீச்சர்?" என்று அவள் கேட்ட கேள்விக்கு அன்று எனக்கு உடனே மறுமொழி வரவில்லை.

அன்று மாலையே ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் வரைந்தோம். ஆங்கிலச் சொல், ஊரில் கற்ற தமிழ்ச் சொல், ஓர் எடுத்துக்காட்டு. 'மீன்' என்றால் இடை. 'மீடியன்' என்றால் இடையம். 'மோட்' என்றால் ஆகாரம். 'பெயறிங்' என்றால் திசைகோள். 'சேட்' என்றால் சேடு. 'மீன்' என்ற சொல்லைக் கண்டு அவள் சிரித்தாள். பல வாரங்களின் பின் அப்பிள்ளை சிரித்ததை அன்றுதான் கண்டேன். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் என்று, ஆவணிக்குள் அக்கொப்பி நிரம்பியது.

இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்மொழி மூலக் கணிதப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிட்டுள்ளது. 10ஆம், 11ஆம் தர நூல்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில நூலில் புரியாத அலகைப் பிள்ளை அங்கே தமிழிற் படித்துவிட்டு மீளலாம். ஆங்கிலம் அறியாத தாயும் தந்தையும் அதன்மூலம் பிள்ளையின் அருகில் அமரலாம். தமிழகப் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் கலைச்சொற்கள் வேறு. எமது அட்சரகணிதம் அங்கு இயற்கணிதம். எமது தாயம் அங்கு அணி. எமது காவி அங்கு திசையன். இரண்டையும் கலந்தால் பிள்ளை மயங்கும்.

ஒன்றை மறக்கலாகாது: இரு நாட்டுப் பாடத்திட்டங்களும் ஒன்றல்ல. இலங்கைச் சாதாரணதரத்தில் மடக்கை உண்டு; இங்கு அது ஏ லெவலிலேயே வரும். அங்கு பரீட்சையில் கணிப்பொறி இல்லை. இங்கு மூன்று வினாத்தாள்களில் இரண்டுக்குக் கணிப்பொறி அனுமதி உண்டு. ஊரிலிருந்து வந்த பிள்ளை கையால் விரைந்து கணக்கிடும்; ஆனால் விஞ்ஞானக் கணிப்பொறியின் பொத்தான்களைப் பயில வேண்டும். ஆதலால் தமிழ் நூல் துணை. ஆங்கில நூலே வழி.

வினாத்தாளும் புள்ளித் திட்டமும்

பாடநூலுக்கு அடுத்துச் செலவின்றிக் கிடைக்கும் பெருஞ்செல்வம், பரீட்சைச் சபைகள் தமது இணையத்தளங்களில் வெளியிடும் கடந்தகால வினாத்தாள்களும் புள்ளித் திட்டங்களும். புள்ளித் திட்டத்தில் 'எம்' என்ற எழுத்து முறைக்கும், 'ஏ' என்ற எழுத்து சரியான விடைக்கும் வழங்கும் புள்ளியைக் குறிக்கும். விடை பிழைத்தாலும் முறை சரியாயின் புள்ளி உண்டு. எமது பிள்ளைகள் மனத்தில் கணக்கிட்டு விடையை மட்டும் எழுதும் பழக்கம் உடையவர்கள். அப்பழக்கம் எத்தனை புள்ளிகளை விழுங்குகிறது என்பதை இத்திட்டம் கண்முன் காட்டிவிடும். 2020இல் தொடங்கப்பட்ட ஓக் நஷனல் அகடமியின் பாடங்களும், கோர்பற் மாத்ஸ் போன்ற தளங்களின் காணொளிகளும் இலவசமே. எனினும் காணொளியைப் பார்ப்பது கற்பதன்று. பார்த்தபின் கொப்பியில் பத்துக் கணக்குகள் செய்தாலே அது கற்றல்.

பெற்றோர் அறிய வேண்டியவை

இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பிள்ளைக்குத் தகுந்த முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்யும் கடமையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கிறது. அக்கல்வி பாடசாலையிலோ வேறு வகையிலோ அமையலாம். வீட்டுக் கல்வியைத் தெரிவோர் உள்ளூராட்சிச் சபையிடம் தற்போதைய விதிகளைக் கேட்டறிந்து நடக்க வேண்டும். பாடசாலை இடத்துக்காகக் காத்திருப்போர் தமது விண்ணப்பத்தைக் கைவிடலாகாது. வீட்டுப் படிப்பு அதற்கு மாற்றீடன்று.

வீட்டிலிருந்து பரீட்சை எழுதுவோர் தனியார் பரீட்சார்த்திகளாகப் பதிய வேண்டும். கட்டணம் அவர்களுடையது, நிலையத்துக்கு நிலையம் அது பெரிதும் வேறுபடும். கோடைப் பரீட்சைக்கு மாரி காலத்திலேயே பதிவு முடிந்துவிடும். முந்திய ஆவணி 31இல் 16 வயது நிரம்பியோர்க்குக் கார்த்திகையிலும் கணிதப் பரீட்சை உண்டு. கணிதத்தில் 4 பெறாதவர்கள், 16 வயதின் பின்னும் கல்லூரியில் அப்பாடத்தைத் தொடர்ந்து கற்றாக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

பங்குனி மாதம் அடிப்படை நிலைப் பாடநூலொன்றை வாங்கினோம். தடித்த நூல், ஆயிரத்துக்கு மேற்பட்ட கணக்குகள், பின்னால் விடைகள். ரியூசனுக்குக் காசு சேர்த்து வைத்திருந்த தந்தை, "ஒரு புத்தகம் போதுமோ ரீச்சர்?" என்று ஐயத்துடன் கேட்டார். ஆவணி வரை பொறுத்துப் பாருங்கள் என்றேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். தந்தை இரவு வேலை முடிந்து வந்து, உறங்கச் செல்லுமுன் விடைகளைப் பார்த்துச் சரி பிழை இடுவார். சந்தேகம் வந்த கணக்கைத் தமிழ் நூலில் தேடுவோம். எனக்கும் விளங்காவிடின் அப்பிள்ளையே எனக்கு விளக்குவாள்.

புரட்டாதியில் கல்லூரி வைத்த நுழைவுச் சோதனையில், அவள் ஆரம்பக் கணித வகுப்புக்கன்றி ஜி.சி.எஸ்.ஈ. வகுப்புக்கே தெரிவானாள். 2023 கோடையில் 5 பெற்றாள். அடிப்படை நிலையில் அதுவே உச்சம். வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள். ஆனால் அவள் விரும்பியது ஏ லெவல் கணிதம். அதற்கு 6 அல்லது 7 கேட்பதே கல்லூரிகளின் பொது வழக்கம். பரீட்சைக்குப் பதியுமுன், இவளை உயர் நிலைக்கு மாற்றலாமா என்று கல்லூரியிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை, பெற்றோரும் கேட்கவில்லை. முதலில் தகுதிக்கு மேலான நூலைக் கொடுத்து வருத்தினேன்; பின்னர் தகுதி வளர்ந்ததைக் கவனியாதிருந்தேன்.

இம்முறை நூலைத் தெரிந்தவள் அவளே. முதலில் நான் வாங்கிக் கொடுத்து அவளை அழவைத்த அதே உயர் நிலைக் கைநூலை மேசை மேல் வைத்தாள். அதனருகே விடைகளுடன் கூடிய உயர் நிலைப் பாடநூலை வைத்தாள். பாடநூலில் கற்றாள், கைநூலில் மீட்டாள். 2023 கார்த்திகையில் தனியார் பரீட்சார்த்தியாகத் தோற்றி 7 பெற்றாள். 2024 புரட்டாதியில் ஏ லெவல் கணித வகுப்பில் சேர்ந்தாள்.

1995 இடப்பெயர்வின் பின் வன்னியில் நான் படிப்பித்த நாள்களில், எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணிதப் புத்தகம் இருந்தது. காகிதமும் மண்ணெண்ணெயும் அரிதான அக்காலத்தில், குப்பி விளக்கொளியில் அதைப் பிள்ளைகள் முறைவைத்துக் கையால் எழுதிப் பிரதி செய்தார்கள். விடைப் பக்கங்களையும் விடாது எழுதினார்கள். அப்போது அது ஏன் என்று நான் கேட்டதில்லை. ஆசிரியர் நாளை இல்லாது போகலாம், புத்தகம் இருக்கும் என்பதை அப்பிள்ளைகள் அறிந்திருந்தார்கள்.

இங்கு புத்தகங்களுக்குக் குறைவில்லை. தெரிவு செய்வதே பாடு. உங்கள் பிள்ளையின் மேசையில் இன்று இருக்கும் கணித நூலை எடுத்து அட்டையைப் பாருங்கள். பின்பக்கம் விடைகள் உள்ளனவா என்று பாருங்கள். ஓர் அலகை உங்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கால் மணி நேரம் போதும்.